மாநிலம் தாண்டினால் சோதனை, தாண்டாவிட்டால் இல்லையா?

சென்ற பருவத்தில் எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்க் கழகம் நடத்திய விவாதப் போட்டியில் நான் மூன்றாவது பேச்சாளர். தலைப்பு, அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம். "அங்கே யார் வேண்டுமானாலும் யாரிடமிருந்தும் துப்பாக்கி வாங்கலாம். கேட்பார் கிடையாது!" என்று முழங்கினேன். கைதட்டல் கிடைத்தது. அடுத்து எழுந்த எதிரணி மாணவி குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் ஒருவர், பக்கத்து மாநிலமான இந்தியானாவில் இருக்கும் நண்பருக்குத் தம் கைத்துப்பாக்கியை நேரடியாக விற்கலாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விற்கக்கூடாது என்பதே பதில். தெரிந்தே விற்றால் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். நாங்கள் தோற்றோம். வெளியே வந்தபோது அந்த மாணவி சிரித்துக்கொண்டே, "திட்டு, ஆனா படிச்சிட்டுத் திட்டுலா" என்றார்.

படித்தேன். படித்த பிறகு இரண்டு விஷயங்கள் விளங்கின. நான் சொன்னது தவறு. ஆனால் எனக்கு இருந்த கவலை முழுக்கத் தவறில்லை. அமெரிக்காவில் துப்பாக்கி விற்பனைக்குச் சட்டம் இல்லை என்பது உண்மையன்று. இருக்கும் சட்டம் மாநில எல்லையில் கண்டிப்பாகவும் எல்லைக்கு உள்ளே தளர்வாகவும் இருக்கிறது. அந்தத் தளர்வை மூட வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

தபாலில் வந்த துப்பாக்கி

1963 மார்ச் மாதம் லீ ஹார்வி ஆஸ்வல்ட், ஒரு சஞ்சிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, சிகாகோவிலிருந்த விளையாட்டுப் பொருள் கடைக்குப் பணம் அனுப்பினார். தபால் செலவையும் சேர்த்து 21 டாலர் 45 காசு. கொடுத்த பெயர் அவருடையதன்று. துப்பாக்கி இல்லினாய் மாநிலத்திலிருந்து டெக்சஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரத்து அஞ்சல் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி அதிபர் ஜான் கென்னடி அந்தத் துப்பாக்கியால் சுடப்பட்டார்.

அப்படி இருந்தும் நாடாளுமன்றம் உடனே அசையவில்லை. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி என்று மேலும் இருவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. 1968 அக்டோபர் 22-ஆம் தேதி அதிபர் லிண்டன் ஜான்சன் அதில் கையெழுத்திட்டார். துப்பாக்கிகளைப் பதிவு செய்வதும் உரிமையாளர்களுக்கு உரிமம் வழங்குவதும் இதில் இல்லையே என்று அன்றைக்கே அவர் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குறை இன்றும் தீரவில்லை.

எல்லையில் என்ன விதி?

சிலாங்கூரிலிருந்து நெகிரி செம்பிலானுக்குள் நுழையும்போது நெடுஞ்சாலையில் ஒரு வரவேற்புப் பலகைதான் நிற்கும். கடப்பிதழ் கேட்பார் இல்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான். 50 மாநிலங்கள், 50 வகையான துப்பாக்கிச் சட்டங்கள், இடையில் வேலி கிடையாது. ஒரு மாநிலம் எவ்வளவு கடுமையான சட்டம் போட்டாலும், பக்கத்து மாநிலத்திலிருந்து காரின் பின்பெட்டியில் துப்பாக்கி வந்துவிடலாம். 1968-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத்தான் தடுக்க முயன்றது.

உரிமம் பெற்ற வணிகர் அல்லாத ஒருவர், வேறு மாநிலத்தில் வசிக்கும் இன்னொரு சாதாரண நபருக்குத் துப்பாக்கியை நேரடியாகக் கொடுக்கக்கூடாது என்பதே அதன் அடிப்படை விதி. விற்பனை மட்டுமன்று, பண்டமாற்றும் அன்பளிப்பும்கூட இதில் அடங்கும். உயிலின் மூலமோ வாரிசுரிமையிலோ வருவதற்கும், விளையாட்டுக்காகத் தற்காலிகமாக இரவல் கொடுப்பதற்கும் விலக்கு உண்டு.

அப்படியானால் எப்படி விற்பது? விற்பவர் துப்பாக்கியை உரிமம் பெற்ற வணிகரிடம் ஒப்படைக்க வேண்டும். கைத்துப்பாக்கி என்றால், அந்த வணிகர் வாங்குபவரின் சொந்த மாநிலத்தில் இருப்பவராக இருக்க வேண்டும். ரைபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிகளுக்கு விதி சற்று இளகியது. வாங்குபவர் நேரில் வந்து, இரு மாநிலச் சட்டங்களுக்கும் உட்பட்டிருந்தால், வேறு மாநில வணிகரிடமிருந்தும் பெற்றுக்கொள்ளலாம். வணிகரின் கடையில் வாங்குபவர் அடையாள அட்டையைக் காட்டி, 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்புகிறார். கடுங்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவரா, குடும்ப வன்முறை வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானவரா, மனநலக் காரணத்தால் நீதிமன்றம் தடை விதித்தவரா என்றெல்லாம் அதில் கேள்விகள் உண்டு. பொய் சொன்னால் அதுவே குற்றம். பிறகு வணிகர் எஃப்பிஐ நடத்தும் தேசியப் பின்னணிச் சோதனை முறைக்குத் தகவல் அனுப்புகிறார். 1998 நவம்பர் 30 முதல் இயங்கும் இந்த முறையில் பெரும்பாலோருக்குச் சில நிமிடங்களில் பதில் வந்துவிடுகிறது.

இது நல்ல விதி. முன்பின் தெரியாத இருவருக்கு நடுவில், பதிவேடு வைத்திருக்கும் மூன்றாவது ஆள் ஒருவரை நிறுத்துகிறது. தவறு நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதும் தெரிகிறது.

உள்ளே திறந்திருக்கும் கதவு

இப்போது அதே ஒஹாயோக்காரர் தம் துப்பாக்கியை இந்தியானா நண்பருக்கு விற்காமல், இணைய விளம்பரத்தைப் பார்த்து அழைத்த இன்னொரு ஒஹாயோக்காரருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டரசுச் சட்டப்படி பின்னணிச் சோதனை தேவையில்லை. படிவம் தேவையில்லை. அடையாள அட்டையைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வாங்குபவர் தடை செய்யப்பட்டவர் என்று விற்பவருக்குத் தெரிந்திருந்தாலோ, அப்படி நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தாலோ மட்டுமே குற்றம். கேட்காதவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

வயது விதியிலும் இதே நிலைதான். உரிமம் பெற்ற வணிகர் 21 வயதுக்குக் குறைந்தவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக்கூடாது என்கிறது கூட்டரசுச் சட்டம். இந்த விதியை எதிர்த்து நீதிமன்றங்களில் வழக்குகளும் நடக்கின்றன. ஆனால் தனிநபர் விற்பனையில் அந்த வரம்பு 18. மாநிலச் சட்டம் தடுக்காவிட்டால், கடையில் கிடைக்காத கைத்துப்பாக்கியை எங்கள் வயதுள்ள ஒருவர் வாகன நிறுத்துமிடத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

எல்லை விதியையும் இந்தத் தளர்வு அரித்துவிடுகிறது. இல்லினாய் மாநிலத்தில் துப்பாக்கி வைத்திருக்க 1968 முதல் தனி அடையாள அட்டை வேண்டும். காரில் கொஞ்ச நேரம் போனால் இந்தியானா. அங்கே தனிநபர் விற்பனைக்குச் சோதனை கட்டாயமில்லை. இல்லினாய் ஆள் ஒருவர் அங்கே போய் ஒரு தனிநபரிடம் வாங்குவது சட்டவிரோதம்தான். ஆனால் விற்பவர் அவர் எந்த மாநிலத்தவர் என்று கேட்கவே தேவையில்லை என்றால், அந்தச் சட்டத்தை யார் காப்பாற்றுவது? சிகாகோ நகராட்சி 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, குற்றங்களோடு தொடர்புடையவையாகக் கைப்பற்றப்பட்டு மூலம் கண்டறியப்பட்ட துப்பாக்கிகளில் சுமார் 60 விழுக்காடு வெளிமாநிலங்களில் முதலில் விற்கப்பட்டவை. இந்தியானாவின் பங்கு மட்டும் 21 விழுக்காடு. நியூயார்க் மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரியின் 2016-ஆம் ஆண்டு அறிக்கையில் வெளிமாநிலத் துப்பாக்கிகளின் பங்கு 74 விழுக்காடு. புளோரிடாவிலிருந்து வடக்கே செல்லும் 95-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு அங்குள்ள போலீசார் 'இரும்புக் குழாய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரே மாநிலத்துக்குள் நடந்த விற்பனைக்கும் வேதனையான உதாரணம் உண்டு. 2019 ஆகஸ்ட் 31-ஆம் தேதி டெக்சஸின் மிட்லண்ட், ஒடெஸ்ஸா நகரங்களில் ஒருவர் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றார். அவர் 2014-இல் கடையில் துப்பாக்கி வாங்க முயன்றபோது பின்னணிச் சோதனை அவரைத் தடுத்திருந்தது. சோதனை தன் வேலையைச் சரியாகவே செய்தது. பிறகு அவர் ஒரு தனிநபரிடம் ரைபிள் வாங்கினார். அந்த விற்பனையில் சோதனை இல்லை. விற்றவர் பின்னாளில் சிறைக்குப் போனார். ஆனால் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வணிகம் நடத்தினார் என்பதே அவர்மீதான குற்றச்சாட்டு. எப்போதாவது ஒரு துப்பாக்கி விற்கும் சாதாரண ஆளாக அவர் இருந்திருந்தால், சோதனை செய்யாமல் விற்றது மட்டும் குற்றமாகியிருக்காது.

எதிர்த்தரப்பு சொல்வதென்ன?

போட்டியில் எதிரணியின் வாதத்தைக் கேலி செய்துதான் நான் மாட்டிக்கொண்டேன். அதனால் இம்முறை அவர்கள் சொல்வதை மதித்தே பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதல் வாதம், குற்றவாளிகள் சட்டத்தைப் பின்பற்ற மாட்டார்கள் என்பது. இதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்க நீதித்துறை 2016-இல் சிறைக்கைதிகளிடம் ஓர் ஆய்வு நடத்தியது. குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுமார் 43 விழுக்காட்டினர் அதைத் தெருவிலோ கள்ளச் சந்தையிலோ பெற்றவர்கள். துப்பாக்கிக் கண்காட்சியில் பெற்றவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் கள்ளச் சந்தை துப்பாக்கி தயாரிக்கும் தொழிற்சாலை அன்று. அங்கே கிடைக்கும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் கடையில் சட்டப்படி விற்கப்பட்டவையே. திருட்டு, பினாமி பெயரில் வாங்குதல், கேள்வி கேட்காத தனிநபர் விற்பனை ஆகிய வழிகளில்தான் அவை கைமாறுகின்றன. பினாமி வாங்குதலையும் துப்பாக்கிக் கடத்தலையும் தனிக் கூட்டரசுக் குற்றங்களாக்கும் சட்டமே 2022-இல்தான் வந்தது. மூன்று ஓட்டைகளில் ஒன்றை அடைத்தால் தண்ணீர் முழுக்க நின்றுவிடாது. அதற்காக அதை அடைக்கவே வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது வாதம், ஆய்வு முடிவுகள் உறுதியாக இல்லை என்பது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். கலிபோர்னியாவில் தனிநபர் விற்பனைக்கும் சோதனையைக் கட்டாயமாக்கிய பிறகு வந்த பத்தாண்டுகளை ஆராய்ந்தவர்கள், துப்பாக்கிக் கொலைகளில் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காணவில்லை. ஆனால் வாங்குவதற்கு முன்பே காவல்துறையிடம் அனுமதி பெற வேண்டும் என்ற விதியைப் பற்றிய ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. மிசூரி மாநிலம் 2007-இல் அந்த விதியை நீக்கிய பிறகு துப்பாக்கிக் கொலைகள் கூடின என்றும், கனெக்டிகட் 1995-இல் அதைக் கொண்டுவந்த பிறகு குறைந்தன என்றும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கண்டனர். இதிலிருந்து நான் புரிந்துகொள்வது, தாளில் எழுதிய சோதனை மட்டும் போதாது என்பதுதான். அதைச் செயல்படுத்தும் ஆளும் முறையும் வேண்டும். சோதனை வேண்டாம் என்பதற்கு இது காரணமாகாது.

மூன்றாவது வாதம், அரசாங்கம் துப்பாக்கி உரிமையாளர்களின் பட்டியலைத் தயாரித்துவிடும் என்ற அச்சம். அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தைத் தங்கள் உரிமையின் வேராகப் பார்க்கும் மக்களிடம் இந்த அச்சம் உண்மையானது. ஆனால் அப்படிப்பட்ட தேசியப் பதிவேட்டை 1986-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. படிவங்கள் வணிகரின் கடையில்தான் இருக்கும். குற்றம் நடந்தால் அதிகாரிகள் தயாரிப்பாளரிடம் தொடங்கி, மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று விசாரித்து, முதலில் வாங்கியவர் வரை போக முடியும். அவர் "யாரோ ஒருவருக்கு விற்றுவிட்டேன்" என்று சொன்னால் தடம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

நான்காவது வாதத்தைத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். எல்லா மாநிலத்திலும் இப்போது கணினிச் சோதனை நடக்கிறது. பிறகு ஏன் வேறு மாநில வணிகரிடம் கைத்துப்பாக்கி வாங்கக்கூடாது? வாஷிங்டன் நகரத்தைச் சேர்ந்த ஒரு தம்பதியர் டெக்சஸ் வணிகர் ஒருவரிடம் வாங்க முடியாமல் வழக்குத் தொடுத்தபோது இதைத்தான் கேட்டார்கள். 2015-இல் கீழ்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2020-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. ஒவ்வொரு மாநிலத்தின் கைத்துப்பாக்கிச் சட்டமும் எல்லா வணிகருக்கும் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்ற கருத்து எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனாலும் அந்தத் தம்பதியரின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. உரிமம் பெற்ற வணிகரிடம் போய், சோதனைக்கும் தயாராக இருந்தவர்களை நிறுத்திய அதே சட்டம், சோதனையே இல்லாமல் வாங்கும் உள்ளூர்க்காரரைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது.

என் நிலைப்பாடு

கோடு போட வேண்டிய இடம் மாநில எல்லை அன்று. துப்பாக்கி ஒரு கையிலிருந்து முன்பின் தெரியாத இன்னொரு கைக்குப் போகும் இடத்தில்தான் கோடு வேண்டும். வேறு மாநிலத்தவருக்கு விற்கும்போது என்ன நடைமுறையோ, அதே நடைமுறை சொந்த மாநிலத்தவருக்கு விற்கும்போதும் இருக்கட்டும். தந்தை மகளுக்குக் கொடுப்பது, வேட்டைக்கு இரவல் கொடுப்பது போன்றவற்றுக்கு விலக்கு தரலாம். ஏறத்தாழ இருபது மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் இதை ஏற்கெனவே செய்கின்றன. நாடு முழுமைக்கும் கொண்டுவர முயன்றபோதுதான் தோல்வி. கனெக்டிகட் மாநில சேண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டு நான்கே மாதங்களில், 2013 ஏப்ரலில், கண்காட்சி, இணைய விற்பனைகளுக்குச் சோதனையை விரிவாக்கும் திருத்தம் மேலவைக்கு வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. தேவைப்பட்டதோ 60.

நம் நாட்டில் ஒரு பழைய காரை விற்பதற்கே வாகனப் பரிசோதனை, ஜேபிஜே-யில் பெயர் மாற்றம் என்று அலைகிறோம். யாரும் அதைத் தம் உரிமையின் மீதான தாக்குதல் என்று சொல்வதில்லை. நமது 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை அமெரிக்கா அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களின் வரலாறும் அரசியலமைப்பும் வேறு. அவர்கள் 1968-இல் தாமாகவே ஏற்றுக்கொண்ட விதியை இன்னும் சில கிலோமீட்டர் உள்ளே நீட்டினால் போதும் என்கிறேன்.

இது நமக்கெதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு தகவல். நம்மில் சிலர் மேற்படிப்புக்காக அமெரிக்கா போகப்போகிறோம். மாணவர் விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அங்கே துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூட்டரசுச் சட்டம் அனுமதிப்பதில்லை. கடையில் இதைப் படிவமே கேட்கும். தனிநபர் விற்பவர் கேட்கமாட்டார். "ஒன்றும் பிரச்சினையில்லை" என்று அங்குள்ள அறைத்தோழர் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். விற்றவர் வீட்டுக்குப் போய்விடுவார். வழக்கில் சிக்கப்போவது நீங்கள்.

அடுத்த பருவத்தில் அதே தலைப்பு மீண்டும் வந்தால், "கேட்பார் கிடையாது" என்று நான் முழங்கமாட்டேன். "எல்லையில் கேட்கிறார்கள், வீட்டு வாசலில் ஏன் கேட்பதில்லை?" என்று கேட்பேன். எதிரணியில் அந்த மாணவி மீண்டும் உட்கார்ந்திருந்தால் நல்லது. இந்தக் கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்வார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.